சேமக்காலையில் நான் பிடித்த ராணி

நவம்பர் இரண்டாம் திகதி, புதன்கிழமை, பின்னேரம் ஆறு மணி பத்து நிமிடம். மூன்று ஐந்துக்குத் தொடங்கிய மழை மூன்று ஐம்பதுக்கு விட்டிருந்தது. காற்று இல்லை. மெழுகுதிரிச் சுடர் ஒன்றுகூட அசையவில்லை. ஈர மணலிலிருந்து வெக்கை எழும்பிக்கொண்டிருந்தது.

ஆண்டை எழுதமாட்டேன். எழுதினால் வாசகர்கள் கழித்துப் பார்த்துத் தன் வயதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று என் மனைவி தடுத்திருக்கிறாள். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பள்ளிமுனைச் சேமக்காலை. அங்கே ஒரு கல்லறைக்கு முன்னால் நான் இரண்டு முழங்காலையும் மணலில் ஊன்றி நின்றேன். கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. வலது கையால் மூன்று தரம் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அடித்த சத்தம் இரண்டு வரிசைக்கு அப்பாலும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்தக் கல்லறைக்குள் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது.

மேலே போகுமுன் ஒரு திருத்தம். போன வாரப் பத்தியில் மன்னார்ப் பாலத்தில் பதினெட்டு விளக்குக் கம்பம் என்று எழுதிவிட்டேன். பதினேழுதான். நாலு இரவு நித்திரையில்லை. ஒருவரும் பிழை பிடித்துக் கடிதம் எழுதாதது அதைவிடக் கவலை.

ஓலை

அப்போது நான் மன்னாரில் காணிக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சொந்த ஊர் அடம்பன். வயல்காரக் குடும்பம். தீவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம். பள்ளிமுனையில் ஓர் அறை எடுத்து இருந்தேன். கடல் பக்கம் ஜன்னல் ஒன்று, தெருப் பக்கம் ஒன்று. இரண்டிலும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண் பிலோமினா. அவளுடைய தகப்பனார் கத்தோலிக்கக் கோயில் மூப்பர். சுவாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்பவர் அவர்தான். சேமக்காலைத் திறப்பும் அவர் இடுப்பில்தான். முந்தின வருடம் சேமக்காலை மதிலில் சாய்ந்து பீடி குடித்த ஒருவனை மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழங்காலில் நிற்க வைத்தவர்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சுவாமியார் வாசிப்பார். அதை ஓலை வாசிப்பது என்போம். வாசித்து முடித்து, இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டு, கொஞ்சம் பொறுப்பார். யாரும் வாய் திறப்பதில்லை. மூன்றாம் ஓலையும் கழிந்தால் கலியாணம்.

எங்கள் முதலாம் ஓலை முந்தின ஞாயிறு வாசித்தாயிற்று. விக்கினம் கேட்டபின் சுவாமியார் பொறுத்தது நாலு செக்கன். இன்னும் இரண்டு ஓலை. பதினாறாம் திகதி புதன்கிழமை கலியாணம். அதைத் தவறவிட்டால் கலியாணம் வைக்காத திருவருகைக் காலம் வந்துவிடும். பிறகு பாலன் பிறப்பும் கழிந்துதான்.

ஆக, அந்த இரண்டு கிழமையும் நான் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என்னிடம் எதிர்பார்க்கப்பட்டது.

முந்நூற்று நாற்பது மரணங்கள்

எறும்பு எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். சொன்னபின் நினைத்தால் பரவாயில்லை.

தீவுக்கு வந்த முதல் வருடம் பேச ஆளில்லை. ஜன்னல் படியில் கட்டெறும்பு வரிசை ஒன்று போகும். எண்ணத் தொடங்கினேன். நிமிடத்துக்கு வடக்கே நாற்பத்தொன்று, தெற்கே முப்பத்தெட்டு. நிமிடத்துக்கு மூன்று எங்கே போகின்றன என்ற கவலையில் ஒருநாள் கந்தோருக்குப் பிந்திப் போனேன்.

பிறகு சீனித் தண்ணீர் வைத்து முந்நூற்று நாற்பதைப் பிடித்து ஒரு போத்தலில் விட்டேன். மண், இலை, ஈரப் பஞ்சு எல்லாம் வைத்தேன். ஏழு கிழமையில் அவ்வளவும் செத்துப்போயின. தினமும் காலை எழும்பி, செத்தவற்றை எண்ணி எடுத்துக் கொப்பியில் பதிவேன். கடைசி எறும்பு தனியே ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரிய கடைத் தெருவில் காதர் நானா இருந்தார். முசலிப் பக்கத்து மனிதர். லாம்பு, சிமினி, திரி விற்பவர். ஒருநாள் புதுப் போத்தல் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசைக்கடியில் கையை விட்டு ஒரு சாக்கை விலக்கினார். நாலு லாம்புச் சிமினி. இரண்டு முனையும் பஞ்சால் அடைத்து, உள்ளே எறும்புக் குடும்பங்கள்.

"கிளாக்கர், நீங்கள் தாயில்லாத வீட்டில முந்நூற்றி நாப்பது வேலைக்காரரை வைச்சிருந்திருக்கிறியள். அதுகள் ஆருக்கு உழைக்கிறது?" என்றார். "ராணி வேணும். ராணி இருந்தா மிச்சப் பேரை அவ பெத்துக்கொள்ளுவா."

அன்றிலிருந்து அவர் எனக்குக் கூட்டாளி. அவர் சொன்ன முறைகளை அப்படியே தருகிறேன்.

ராணி வருடம் முழுக்கக் கிடைக்காது. மாரியின் முதல் பெருமழை விட்ட அந்தியில் செட்டையோடு வெளியே வந்து பறக்கும். ஆண்களோடு கூடி, நிலத்துக்கு இறங்கி, தன் செட்டைகளைத் தானே கழற்றிப் போட்டுவிட்டுப் பொந்து தேடும். அப்போதுதான் பிடிக்க வேண்டும். செட்டையோடு பிடித்தால் அது குமராகவே இருந்து செத்துப்போகும்.

பிடித்ததும் சிமினிக்குள் விட்டு, ஈரப் பஞ்சு வைத்து, கம்பளியால் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட வேண்டும். மாரி முழுக்க அது சாப்பிடாது. கழற்றிய செட்டைக்கு வைத்திருந்த தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்க்கும். தை மாதம் வரை குழப்பக்கூடாது. எட்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் பார்க்கலாம்.

நான் இரண்டு மாரியைத் தவறவிட்டேன். முதல் வருடம் ஈசலை ராணி என்று நினைத்துப் பதினான்கு பிடித்தேன். காதர் நானா ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இடுப்பில்லை. இது கறையான். கந்தோருக்குக் கொண்டு போயிடாதேங்கோ, காணி உறுதியெல்லாம் தின்னும்," என்றார். இரண்டாம் வருடம் மழை பெய்த அன்று காய்ச்சலில் கிடந்தேன்.

மூன்றாம் வருடம் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"எங்கட மையவாடியில வெளிச்சம் இல்லை. நீங்கள்தான் வருசத்தில ஒரு அந்தி, செத்த ஆக்கள் எல்லாருக்கும் மெழுகுதிரி கொளுத்துறனீங்கள். அக்கம் பக்கத்தில பறக்கிறதெல்லாம் அங்கதான் வந்து விழும். அண்டைக்கே மழையும் பெய்தா, அது அல்லாஹ் உங்களுக்கெண்டு செய்ததுதான்."

அன்றைக்கே பெய்தது.

செட்டை கழலும் வரை

ஆத்துமாக்கள் திருநாளில் எங்கள் சேமக்காலையை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்பார்கள். அந்தியில் மணலில் மெழுகுதிரிகளை நாட்டிக் கொளுத்துவார்கள். சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். அவர் வரும்வரை அந்தந்தக் கல்லறைக்காரர் அந்தந்தக் கல்லறையில் நிற்க வேண்டும். ஒரு கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நிற்கிறவர் அந்தக் கல்லறைக்கு உரித்தானவர். யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. உரித்தில்லாத ஒருவர் ஏன் அங்கே நிற்கப்போகிறார்?

நான் பிலோமினா வீட்டாரோடு போயிருந்தேன். அவளுடைய தாயாரின் கல்லறையில் நான் கொண்டுபோன பன்னிரண்டு மெழுகுதிரிகளில் பதினொன்றைக் கொளுத்தினேன். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். சேட்டுக்குள் சிமினி. மதிலுக்கு வெளியே தெருவில் காதர் நானா சைக்கிளோடு நின்றார்.

ஆறு மணிக்கு முதல் செட்டை எறும்பு வந்தது. பிறகு நூறாக, இருநூறாக வந்தன. பிள்ளைகள் கையால் விசுக்கினார்கள். எல்லாம் சின்ன ஆண்கள். ஆறு ஐந்துக்கு அவள் வந்தாள். கறுப்பு. அரை அங்குலத்துக்கு மேல் நீளம். பிலோமினாவின் தாயாருடைய சிலுவையில் ஒருமுறை மோதி, எழும்பி, நாலு கல்லறை தள்ளிப் போய் இறங்கினாள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பிலோமினாவின் மாமியிடம், "இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தக் கல்லறையில் ஒரு மெழுகுதிரியும் இல்லை. கல்லறைக்காரர் இன்னும் வரவில்லை. இருட்டில் ராணி தெரியவில்லை. பையிலிருந்ததைக் கொளுத்தி மணலில் நாட்டினேன். கண்டேன். சிலுவையின் அடியில் நின்று, பின்னங்காலால் செட்டையை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலை ஊன்றினேன்.

ஊன்றிய இடம் சுள்ளெறும்புப் புற்று.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுள்ளெறும்பு சின்னது, சிவப்பு, கடித்தால் நெருப்புக் கொள்ளி வைத்தது போலிருக்கும். ஒன்று கடித்தால் எல்லாம் கடிக்கும். கால் வழியே களிசானுக்குள் ஏறின. எழும்பியிருக்கலாம். எழும்பினால் நிழல் விழுந்து ராணி பறந்துவிடும். அவளுக்கு இன்னும் நாலு செட்டையும் இருந்தது.

நாலு நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஒரு செட்டை. மூன்றாவது செட்டை விழும்போது கண்ணால் தண்ணீர் ஊற்றத் தொடங்கியது. ஒன்று சேட்டுக்குள் ஏறி நெஞ்சில் கடித்தது. அடித்தேன். அடுத்த இடத்தில் கடித்தது. அடித்தேன். மூன்றாம் அடியில் அது செத்தது.

நாலாவது செட்டை விழுந்தது. சிமினியைக் கவிழ்த்தேன். அவள் தானாகவே உள்ளே நடந்து போனாள். பெருவிரலால் அடைத்துச் சேட்டுக்குள் வைத்து, அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அப்போது என் காலரை ஒரு கை பிடித்தது.

ஒரு சொல்

"ஆரடா நீ? என்ர தங்கச்சியின்ர கல்லறையில உனக்கென்ன வேலை?"

அருளப்பு. வள்ளத்தில் போகிறவன். அவனுடைய உள்ளங்கை என் முகத்தளவு இருக்கும்.

"விடடா அருளப்பு. மனிசன் அழுகுது," என்றது ஒரு பெண் குரல். அவனுடைய தாய் வெரோணிக்கம்மா. கையில் மெழுகுதிரிப் பெட்டி. வள்ளம் கரைக்கு வரப் பிந்தியதால் இருவரும் பிந்தி வந்திருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நாட்டியிருந்த ஒற்றை மெழுகுதிரியைப் பார்த்தார். மீண்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆர் தம்பி நீர்?"

"காணிக் கந்தோர்க் கிளாக்கர்."

"என்ர திரேசாவை உமக்குத் தெரியுமோ?"

அப்போதுதான் சிலுவையை வாசித்தேன். திரேசா. இருபத்துநாலு வயது. செத்து மூன்று வருடம்.

இருபது அடி தூரத்தில் சுவாமியாரும் மூப்பரும் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வழி இருந்தது. கல்லறையில் எறும்பு பிடிக்க வந்தேன் என்று சொல்லலாம். பீடி குடித்தவனுக்கே மூன்று ஞாயிறு. எறும்பு பிடித்தவனுக்கு மூப்பர் மகளைக் கொடுப்பாரா?

"ஓம்," என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். மிச்சத்தை வெரோணிக்கம்மாவே சொன்னார்.

"கடைசி வருசம் அவள் சந்தைக்குப் போனா தபாற்கந்தோர்ப் பக்கத்தாலதான் சுத்தி வருவாள். ஏனடி எண்டு கேட்டா, அந்தப் பக்கம் நிழல் அம்மா எண்டுவாள்." என் பக்கம் குனிந்தார். "காணிக் கந்தோர் தபாற்கந்தோருக்குப் பக்கத்திலதானே, தம்பி?"

"பக்கத்திலதான்," என்றேன். இது உண்மை.

அவர் என் தலையில் கை வைத்தார். அருளப்பு காலரை விட்டான். விட்டதோடு நிற்காமல் கசங்கிய காலரைத் தடவிச் சரிப்படுத்தினான்.

சுவாமியார் வந்து நின்றார். பின்னால் தீர்த்தச் செம்போடு மூப்பர்.

"சுவாமி, என்ர பிள்ளைக்கும் ஒரு ஆள் இருந்திருக்கு," என்றார் வெரோணிக்கம்மா.

மூப்பர் செம்பைக் கை மாற்றிப் பிடித்தார்.  நான் எழும்ப முயன்றேன். களிசானுக்குள் இன்னும் கடித்துக்கொண்டிருந்ததால் மீண்டும் விழுந்தேன். அதுவும் துக்கமாகத்தான் எடுக்கப்பட்டது.

அப்போது மதிலுக்கு வெளியேயிருந்து காதர் நானாவின் குரல் கேட்டது. "கிளாக்கர்! அவ கிடைச்சிட்டாவோ?"

"ஆர் தம்பி அது?" என்றார் வெரோணிக்கம்மா.

"எனக்குத் தெரிஞ்சவர். துணைக்கு வந்தவர்."

அவர் மதில் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "இல்லை ராசா! கிடைக்கேல்லை! கர்த்தர் முந்தி எடுத்திட்டார்!"

 மதிலுக்கு அப்பால் சைக்கிள் ஒன்று மெல்ல உருண்டு போனது.

மூப்பர் கந்தோருக்கு வந்தது

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கதை சந்தையில் இருந்தது. பத்தரைக்குக் கந்தோரில் இருந்தது. மூன்று விதமாக என் காதில் விழுந்தது. ஒன்றில் நான் திரேசாவுக்கு ஐந்து கடிதம் எழுதியிருந்தேன். இன்னொன்றில் பதினைந்து. மூன்றாவதில் திரேசா செத்ததே என்னால்தான். காதர் நானா மட்டும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "கிளாக்கர் நல்ல மனிசன், எனக்கொண்டும் தெரியாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது கதையை இன்னும் பெருப்பித்தது.

வெள்ளிக்கிழமை மூப்பர் கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"கிளாக்கர், செத்த பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டன். அதுக்காக அழுததையும் குறை சொல்ல மாட்டன். எங்களிட்ட ஒளிச்சதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் ஓலை. அதுக்கு முந்தி பிலோமினா உங்களோட கதைக்க வேணுமாம். நாளைக்கு நாலு மணிக்கு வாங்கோ. அவள் வேண்டாம் எண்டு சொன்னா, நான் போய் ஓலையை நிப்பாட்டுவன்."

அன்று இரவு நித்திரையில்லை என்று தனியாக எழுதத் தேவையில்லை. சிமினியைக் கம்பளியிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் பார்த்தேன். எட்டு நாள் ஆகவில்லை. விதியை மீறிவிட்டேன்.

சிமினியை அவள் பார்த்தாள்

முன் விறாந்தையில் இரண்டு கதிரை. நடுவில் ஒரு சின்ன மேசை. உள் அறைக் கதவு திறந்திருந்தது. அதற்குள் மூப்பர் செபமாலையோடு இருந்தார். அதனால் மெல்லத்தான் கதைக்க முடிந்தது. அதுவரை நானும் பிலோமினாவும் பேசியது மொத்தம் ஆறு வசனம்.

"அவவை விரும்பினனீங்களோ?" என்றாள்.

"நான் அவவைக் கண்டதே இல்லை."

"அப்ப ஏன் அழுதனீங்கள்?"

சேட்டுக்குள்ளிருந்து சிமினியை எடுத்து மேசையில் வைத்தேன். கம்பளியை விலக்கினேன்.

குனிந்து பார்த்தாள். "இது எறும்பெல்லோ?"

"ராணி எறும்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூற்று நாற்பதையும், ஈசலையும், மையவாடியையும், நாலு செட்டையையும். அவள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தினை கடி?"

"முப்பத்தெட்டு. வலது காலில இருபத்தொண்டு. இடது காலில பதினேழு. நெஞ்சில கடிச்சதை இதில சேர்க்கேல்லை."

அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள். தோள் குலுங்கியது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. உள்ளேயிருந்து மூப்பர் பார்த்திருக்க வேண்டும்.

"அழாதை பிள்ளை," என்றார். "விருப்பமில்லையெண்டா ஐயா பாத்துக்கொள்ளுறன்."

 கையை மட்டும் அசைத்தாள். அவள் அடங்க ஒன்றரை நிமிடம் ஆனது.

"உங்கட ஐயாவிட்ட உண்மையைச் சொல்லிவிடட்டோ?" என்றேன்.

"சொன்னா ஓலையைக் கிழிச்சுப் போடுவார். செத்த பொம்பிளைக்காக அழுதவனை ஐயா மன்னிப்பார். சேமக்காலையில பூச்சி பிடிச்சவனை மன்னிக்க மாட்டார்." தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். குரல் மாறியது. "ஐயாவை விடுங்கோ. வெரோணிக்கம்மா வியாழக்கிழமை சந்தைக்கு வந்தவ, தெரியுமோ?"

"தெரியாது."

"மூண்டு வருசமா வாறேல்லை. கேட்டு வர ஒரு ஆளில்லாமல் செத்துப்போன குமர் எண்டு சனம் கதைச்சது அவவின்ர காதில விழுந்திட்டுது. அண்டையில இருந்து வாசலுக்கு வெளியில வாறேல்லை. வியாழக்கிழமை வந்து, தேங்காய்க்காரனோட விலைக்குச் சண்டை பிடிச்சவ. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. அவ்வளவு சத்தம். அதை நீங்கள் திருப்பிப் பறிக்கப்போறீங்களோ?"

"ஆனா அது பொய்தானே."

"பொய்தான். சொன்னது நீங்கள்தானே? நீங்கள்தான் தோளில காவ வேணும்."

பிறகு தன் நிபந்தனைகளை விரல் மடித்துச் சொன்னாள். வருடா வருடம் அந்த நாளில் திரேசாவின் கல்லறையில் மெழுகுதிரி. ஓர் ஆத்துமப் பூசை. காலையில் வெள்ளையும் நான்தான் அடிக்க வேண்டும். தானும் கூட வருவாள். ராணி வீட்டில் இருக்கலாம், ஆனால் கட்டிலுக்குக் கீழே வைக்கக்கூடாது.

"அழவும் வேணுமோ?" என்றேன்.

"வேண்டாம். நீங்கள் அழுதது காணும்."

உள்ளே எட்டி, "ஐயா, ஓலையை வாசிக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

ஒன்பதாவது செக்கன்

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை. நான் ஆண்கள் பக்கம் ஐந்தாம் வரிசை. சுவாமியார் எங்கள் பெயர்களை வாசித்தார். விக்கினம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார். பொறுத்தார்.

முந்தின ஞாயிறு நாலு செக்கன். இம்முறை அவர் ஐந்தைத் தாண்டினார். ஆறு. கோயிலில் ஓர் இருமலும் இல்லை. ஏழு. அவருக்கும் கதை தெரியும்தானே. எட்டு.

ஒன்பதாவது செக்கனில் பெண்கள் பக்கத்தில் பாய் சரசரத்தது. வெரோணிக்கம்மா எழும்பினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. மூப்பர் முன்னாலிருந்த அளிக் கம்பியைப் பிடித்தார். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. என் வாழ்க்கையில் எண்ணிக்கை விட்டுப்போன சந்தர்ப்பங்கள் மூன்று. அதில் அது முதலாவது.

"சுவாமி," என்றார் வெரோணிக்கம்மா. முக்காட்டைச் சரிசெய்தார். "என்ர பிள்ளையின்ர பக்கத்தால விக்கினம் ஒண்டும் இல்லை."

இருந்துவிட்டார்.

சுவாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி அவர் கண்டதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், அடுத்த சோடியின் பெயரை வாசித்தார். பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை. பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அது சிவந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்றேன். எத்தனை முறை என்று சுவாமியார் கேட்டார். ஒருமுறை, ஒரு சொல் என்றேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். மலிவாக இருந்ததால் ஆறு சொன்னேன்.

தலையணை உறை

பதினாறாம் திகதி கலியாணம் நடந்தது. வெரோணிக்கம்மா மாப்பிள்ளை வீட்டாரோடு, என் தாயாருக்குப் பக்கத்தில் இருந்தார். பிலோமினாவுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். திரேசா தன் கலியாணத்துக்கென்று பின்னி வைத்த லேஸ் தலையணை உறை, இரண்டு. கண்டிராத காதலியின் தலையணை உறையில் தலை வைத்து, மனைவிக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் தூங்கியவன் மன்னாரில் நான் ஒருவனாகத்தான் இருக்கும். உறை கிழிந்தபோது பிலோமினா லேஸை மட்டும் வெட்டியெடுத்து வேறு உறையில் வைத்துத் தைத்தாள்.

ராணி, பிடித்து ஏழாம் நாள் முதல் முட்டை இட்டாள். தை மாதம் ஏழு பிள்ளைகள் இருந்தன, கடுகு போல. மூன்றாம் வருடம் ஆயிரத்து நூறு. மூன்று தரம் எண்ணி மூன்று விடை வந்தது. அதில் நடுவிலுள்ளது இது. பன்னிரண்டாம் வருடம் மாரிக்குள் அவள் செத்தாள். நான் கந்தோருக்குப் போகவில்லை. பிலோமினா சுகவீனம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

திரேசாவுக்கு மெழுகுதிரி ஒரு வருடமும் தவறவில்லை. ஊரே இடம்பெயர்ந்திருந்த இரண்டு வருடம் அங்கே போக முடியவில்லை. அந்த இரண்டு முறையும் முகாமில் தங்கியிருந்த கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் கொளுத்தினோம். வெரோணிக்கம்மாவும் அதே முகாமில்தான் இருந்தார். தீப்பெட்டியை அவர்தான் கடன் வாங்கி வந்தார்.

ஒவ்வொரு முறையும் நான் மெழுகுதிரி கொளுத்தி எழும்பும்போது, "முழங்கால் நோகுதோ, தம்பி?" என்று கேட்பார். உண்மையைச் சொல்லலாம் என்று முப்பத்தொரு முறை வாய் திறந்தேன். முப்பத்தொரு முறையும், "இல்லையம்மா," என்றுதான் வந்தது.

சில வேளை தபாற்கந்தோர்ப் பக்கம் போக நேரும். அந்தப் பக்கத்தில் ஐந்து வேம்பு. மத்தியானத்தில் முழு றோட்டிலும் நிழல் விழும். திரேசா நிழலுக்காகத்தான் வந்திருப்பாள். வேறு எதற்கு? ஆனால் கந்தோரில் என் மேசை ஜன்னலோரம்தான் இருந்தது. நான் அந்த வருடம் முழுக்க அந்த ஜன்னல் படியிலும் எறும்பு எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெரோணிக்கம்மா முப்பத்தோராம் வருடம், மெழுகுதிரி கொளுத்தி மூன்று கிழமையில், நித்திரையில் போனார். திரேசாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான் இடது பக்கம் இரண்டாவது.

அடுத்த நவம்பர் பிலோமினாவிடம் சொன்னேன். "மனிசி போயிட்டுது. இனி ஆருக்காக? இதை இந்த வருசத்தோட நிப்பாட்டுவம்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன கதை இது? இனி அவவுக்கும் சேர்த்து ரெண்டாக் கொளுத்த வேணும். அவவுக்கு இருந்தது நீங்கள் ஒரு மருமகன்தானே."

இன்றுவரை மெழுகுதிரி, சுண்ணாம்பு, பூசைகள் அறுபத்தொன்று. மொத்தச் செலவு எண்ணாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொரு ரூபா, எழுபத்தைந்து சதம்.